ஆடு குட்டி போட்ட நாள்

அலமாரியில் இருபத்தாறு வீடியோ கேசட்டுகள் இருக்க வேண்டும். இருபத்தைந்துதான் இருந்தன. வரிசையின் வலது கோடியில், பல் விழுந்த வாய் மாதிரி ஓர் ஓட்டை.

அதைப் பார்த்ததும் லிங்கம் கேசட்டுகளை இன்னொரு தடவை விரல் விட்டு எண்ணினான். ஒரு வாரமாக நாயாய் அலைந்து கண்டுபிடித்த இடம் இது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடையும் என்று காதால் கேட்டிருக்கிறான். கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கரமனையில் ஒரு தையல்கடைக்கு மேலே இருந்தது அந்த அறை. வெளியே வைகாசிப் பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நான்கு பேர். அறைக்குச் சொந்தக்காரன் செல்வின். வயது இருபதைத் தாண்டிவிட்டது, தாடி மட்டும் இன்னும் தயங்கிக்கொண்டிருந்தது. அலமாரியின் முன்னால் குனிந்து நின்றவள் துப்பறியும் நாச்சியார். போலீஸ் வேலையை உதறிவிட்டுச் சாலைக்கடைத் தெருவில் சொந்தமாக ஆபீஸ் போட்டவள். கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவள் சரோஜம், வழக்குக்குச் சொந்தக்காரி. நான்காவது ஆள் லிங்கமே. ஆபீஸில் அவனுக்கு உதவியாளன் என்று பெயர். ஸ்கூட்டர் ஓட்டுவது, டீ வாங்குவது, வாயாடுவது ஆகிய மூன்றும் வேலை.

சரோஜத்தின் வழக்கு இன்று மதியம் இரண்டு மணிக்குக் குடும்பக் கோர்ட்டில் வருகிறது. மலையாளம் பேசும் மலையூரான வித்துராவில் கேபிள் டிவி நடத்தும் செல்வகணேஷ் அவள் புருஷன். தொண்ணூற்றைந்தில் ஊரைக் கூட்டித் தாலி கட்டியவன், ஒன்பது வருஷம் கழித்து, ‘இந்தப் பெண் என் ஆபீஸைக் கூட்டிப் பெருக்க வந்தவள், தொண்ணூற்றொன்பதுக்கு முன்னால் இவள் முகத்தையே பார்த்ததில்லை’ என்று கோர்ட்டில் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருந்தான். பதிவு செய்யாத கல்யாணம். ஆல்பத்தை அவனே கொண்டுபோய்விட்டான். தாலி எடுத்துக் கொடுத்த பூசாரி செத்துப்போனார். சரோஜம் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டம் மூடிக் கிடக்கிறது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து ஜனங்கள் திக்குக்கு ஒருவராய்ப் போய்விட்டார்கள். வித்துராவில் மிச்சம் இருப்பவர்கள் செல்வகணேஷைக் கண்டால் தோள் துண்டை இடுப்புக்கு இறக்குகிறவர்கள். இன்று தோற்றால் சரோஜம் அவன் பொண்டாட்டி இல்லை, அவள் மகள் ஆதிராவுக்கு அப்பன் இல்லை. அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு பிடி கிடைத்திருந்தது. அந்தக் காலத்தில் வித்துரா கேபிளில் தினமும் சாயங்காலம் ‘கலங்கரை மிக்கோ’ என்று ஒரு ஜப்பான் கார்ட்டூன் ஓடும். அப்பா கடலில் காணாமல் போனபிறகு தனியாகக் கலங்கரை விளக்கத்தைக் காக்கும் மிக்கோ என்ற சிறுமியும், அவளுடைய ஆடும். வெளிநாட்டுத் தமிழர்களுக்காக யாரோ தமிழில் பேசவைத்த கேசட்டுகள் எப்படியோ வித்துரா வரை வந்து சேர்ந்திருந்தன. லயத்துக் குழந்தைகள் சோறு தண்ணீரை மறந்து பார்த்தார்கள். கல்யாணத்தன்று அந்தப் படத்துக்கு அடியில், கடை விளம்பரங்கள் நகர்கிற பட்டையில், செல்வகணேஷ் தன் கல்யாணச் செய்தியை ஓடவிட்டான். கேபிள்காரன் கல்யாணமல்லவா, ஒரே தட்டில் ஊருக்கே பத்திரிகை வைத்தாயிற்று.

அந்தக் குழந்தைப் படத்தை யார் ரெக்கார்டு செய்து, யார் ஒன்பது வருஷம் காப்பாற்றி வைத்திருக்கப் போகிறார்கள் என்று லிங்கம் கேட்டான். பைத்தியக்காரர்கள் வைத்திருப்பார்கள், தேடு என்றாள் நாச்சியார். தேடினால் பைத்தியக்காரர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். படம் எடுத்த ஜப்பான் கம்பெனியின் சுருள்கள் தீயில் போய்விட்டனவாம். அதனால் மணிலாவில் ஒருவர், பிரேசிலில் ஒருவர், ஒசாகாவில் ஒரு பல் டாக்டர் என்று மிக்கோ ரசிகர்கள் இன்டர்நெட்டில் ஒன்றுகூடி, வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கேசட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, தூசு தட்டி, படத்தை மறுபடி உயிரோடு கொண்டுவரப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இருபத்தாறு கதையையும் முழுசாக வைத்திருந்தவன் ஒருவன்தான். வித்துராவில் அப்பா வீடியோ கடை வைத்திருந்த தைரியத்தில், கல்யாண வீடியோவுக்கு வாங்கிய அரைமணி நேரக் கேசட்டுகளைத் திருடித் திருடி, கதைக்கு ஒன்றாக ரெக்கார்டு செய்த செல்வின்.

நேற்று இரவு போனில் பேசியபோது அவன் கிடக்கிறது என்றான். இன்று காலை வந்தால் கிடக்கவில்லை.

“நேத்து உச்சைக்கு ஒருத்தர் வந்தாரு சேச்சி,” என்றான் செல்வின். “பேரு பிச்சைக்கனின்னு சொன்னாரு. மிக்கோ ஃபேனாம். கடைசிக் கேசட்டு மட்டும் பாக்கணும்னாரு. எடுத்துக் காட்டுனேன். அப்போ கரண்டு போச்சு. நான் கீழ மெழுகுத்திரி வாங்கப் போனேன். திரும்பி வரும்போ ஆளு இல்ல. கேசட்டு இங்கதான் எங்கயோ வச்சிருப்பேன்னு நெனச்சிட்டேன். நீங்க கேட்டப்புறம்தான் தேடினேன்.”

வந்தவன் வேறென்ன பேசினான் என்று நாச்சியார் விசாரித்தாள். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. சுவரில் ஒட்டியிருந்த மிக்கோ படத்தைப் பார்த்து, நாய் நல்லா இருக்கு என்றானாம்.

லிங்கம் சுவரைப் பார்த்தான். மிக்கோவின் காலடியில் தாடியும் கொம்புமாக அந்த ஆடு நின்றது. “அக்கா, ஆளைப் பிடிச்சிரலாம். கொம்பு வச்ச நாயைப் பாத்து வளந்த ஊர்க்காரன்,” என்றான்.

நாச்சியார் சிரிக்கவில்லை. கரண்டு போவதற்கு முன்னால் அவன் கை எதையெதைத் தொட்டது என்று கேட்டாள். செல்வின் யோசித்துப் பார்த்து, டிவியில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்ததாகவும், வந்தவன் கேட்காமலே பின்னால் போய்க் கேபிள் ஒயரைப் பிடுங்கி, முனையைப் பல்லால் கடித்து உரித்து, முறுக்கிச் செருகியதாகவும், அதற்கப்புறம் படம் கண்ணாடி மாதிரி வந்ததாகவும் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் இன்னும் கொஞ்சம் நன்றி மிச்சம் இருந்தது.

நாச்சியார் டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, லிங்கத்தைக் கூப்பிட்டாள். கறுப்பு ஒயரின் தோலில் பல் தடம் அழுத்தமாக விழுந்திருந்தது. “கத்தரிக்கோல் மேசைல கெடக்கு. அத எடுக்காம ஒயரப் பல்லால கடிக்கிறவன் எவன்?”

கம்பத்தில் தொங்கிக்கொண்டு ஒரு கையால் பிடித்து, மறு கையால் வேலை செய்து பழகியவன். கேபிள் லைன் வேலைக்காரன். அவனுக்குச் சம்பளம் கொடுப்பவன் யார் என்று சொல்ல ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. ஸ்டூலில் இருந்த சரோஜத்தின் முகம் வெளிறியது.

கேசட் போனால் போகட்டும், கம்ப்யூட்டரில் ஏற்றியதுதான் இருக்கிறதே என்று லிங்கத்துக்கு அப்போது மூளை வேலை செய்தது. செல்வினும் முகம் மலர்ந்து ஒரு சி.டி.யை எடுத்துப் போட்டான். கடைசிக் கதை ஓடியது. மிக்கோ கப்பலேறுகிறாள். கடல் அப்படி ஒரு நீலம், ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி இல்லை. ஆனால் படத்துக்கு அடியில் எந்த எழுத்தும் நகரவில்லை. விளம்பரப் பட்டை எங்கே என்று நாச்சியார் கேட்டாள்.

“அது அழுக்குதானே சேச்சி,” என்றான் செல்வின், கொஞ்சம் பெருமையாகவே. “படத்தக் கெடுக்கிறது. எல்லாத்துலயும் அடிப்பக்கத்த வெட்டித்தான் ஏத்துவேன்.”

வெட்டாத பிரதி ஏதாவது உண்டா என்றால் இல்லை. இடம் போதாமல் அழித்துவிட்டானாம். மூன்று வருஷம் கண் எரிய உட்கார்ந்து அவன் துடைத்து எறிந்த அழுக்கில் ஒரு பெண்ணின் கல்யாணமும் போயிருந்தது. அதை அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனே சரோஜத்தைப் பார்த்தான், பிறகு மழையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.

நாச்சியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டாள். அவள் கிராம்பு மெல்ல ஆரம்பித்தால் யாருக்கோ கேடுகாலம் என்று லிங்கத்துக்குத் தெரியும். இந்த அறையில் இப்படி ஒரு கேசட் இருப்பது நேற்று மதியம் வரைக்கும் எத்தனை பேருக்குத் தெரியும் என்று அவள் பொதுவாகக் கேட்டாள். அவளுக்கும் லிங்கத்துக்கும் தெரியும். செல்வினுக்குத் தெரியும். வக்கீலுக்கு இன்று காலைதான் சொன்னார்கள். சேதியைக் கொண்டுபோய் விற்றவன் செல்வின்தான் என்று லிங்கம் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டான். ஆனால் நாச்சியார் திரும்பியது அவன் பக்கம் இல்லை, சேதி தெரிந்த இன்னொருத்தி பக்கம்.

“சரோஜம், நீ எப்பம்மா அவருக்கு போன் போட்ட?”

சரோஜம் குனிந்த தலை நிமிரவில்லை.

“ஞாயித்துக்கிழமை,” என்றாள். “நாந்தான் அக்கா சொன்னேன். அவருக்கு மறந்திருக்கும், ஓர்மப்படுத்தினா மனசு எளகும்னு நெனச்சேன். பொய்ச் சத்தியம் பண்ணிட்டாரே, அதக் கோர்ட்டுல வாய்விட்டுச் சொல்றதுக்கு முன்னால நிறுத்திரலாம்னு நெனச்சேன்.”

லிங்கத்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தவளை தன் வாயால் கெடும் என்று தெரியும். இவள் தன் வாயால் தன் மகளையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறாள். திட்ட வாயைத் திறந்தவன், அவள் விரல்கள் புடவை நுனியை முறுக்குவதைப் பார்த்து மூடிக்கொண்டான். ஒன்பது வருஷம் ஏமாந்த பிறகும் ஒருத்தியால் இப்படி நம்ப முடிகிறது என்பது அவனுக்குப் பெரிய வேதனையாக இருந்தது.

நாச்சியார் திட்டவில்லை. போனில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொல்லச் சொன்னாள். மிக்கோ படம் முடிந்த அன்றைக்கு, அந்தக் கடைசிக் கதைக்கு அடியில்தானே நம் இரண்டு பேர் பேரையும் ஓடவிட்டீர்கள், கரமனையில் செல்வின் என்று ஒரு பையன் அதை டேப்பில் வைத்திருக்கிறானாம் என்று சரோஜம் சொல்லியிருக்கிறாள். மறுமுனையில் அவன் கோபப்படவில்லை. எந்தத் தெரு என்று மட்டும் மெதுவாகக் கேட்டான். அவன் மெதுவாகப் பேசிக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டதால் அதையும் சொல்லிவிட்டாள்.

“சரி. அன்னைக்கு நீ டிவியப் பாத்தியா? உன் கண்ணால?”

பார்த்தேன் என்றாள் சரோஜம். தாலி கட்டி முடித்து மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து உட்கார்ந்த நேரம். லயத்துப் பெண்கள் எல்லாரும் டிவியைச் சுற்றி நின்றார்கள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அன்றைய வெட்கம் ஒரு நொடி வந்து போனது. “படத்துல அந்த ஆடு குட்டி போட்டுச்சு. ஆடு முந்திக்கிச்சு, அடுத்த ஆவணிக்குள்ள நீயும் பெத்துரணும்னு எல்லாரும் என்னய ஒரே கேலி. அப்பதான் கீழ பேரு வந்துச்சு. ஒரே சத்தம். மறுநாள்லேர்ந்து வேற படம் போட்டாரு.”

மழையைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வின் விருட்டென்று திரும்பினான். “எந்தா சேச்சி சொன்னீங்க? ஆடு குட்டி போட்டுச்சா?”

ஆமாம் என்றாள் அவள்.

“கடைசிக் கதைல ஆடே கெடையாது.” என்றான் அவன். “ஆட்ட அதுக்கு முன்னாலயே பக்கத்துத் தீவுக்குக் குடுத்துருவா. ஆடு குட்டி போடுறது பதினாலாவது கதை.”

லிங்கத்துக்கு விளங்கவில்லை. அவனுக்கு விளங்கும்படி செல்வின் சொன்னான். வித்துராவுக்கு வந்த கேசட்டுகளின் மேலே ஜப்பான் எழுத்துதான் இருந்தது. அதைப் படிக்கத் தெரியாத செல்வகணேஷ் பெட்டியில் கைக்கு எது வந்ததோ அதைப் போட்டான். மிக்கோ ஒருநாள் கப்பலேறிப் போவாள், மறுநாள் தீவிலேயே ஆடு மேய்ப்பாள். குழந்தைகளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. பிறகு பெரியவனாகி, ஒசாகா பல் டாக்டரோடு வருஷக்கணக்கில் கடிதப் போக்குவரத்து நடத்தி, எது முதல், எது முடிவு என்று கண்டுபிடித்துச் செல்வின்தான் கேசட்டுகளுக்கு ஜப்பான் வரிசைப்படி எண் ஒட்டினான். வித்துராவில் எது கடைசியாக ஓடியது என்று அவனுக்கே ஞாபகம் இல்லை.

நாச்சியார் எழுந்துவிட்டாள். கிராம்பை ஜன்னல் வழியே துப்பினாள். “கடைசிக் கேசட்டக் கொண்டு வான்னு அனுப்பினான். அவன் ஆளும் கடைசி நம்பரப் பாத்து எடுத்துட்டுப் போயிட்டான். செல்வகணேஷ் அன்னைக்கு ஒழுங்கா வரிசையாப் போட்டிருந்தா இன்னைக்கு நாம அம்போ.”

பதினாலாம் எண் அலமாரியின் நடுவில் அசையாமல் இருந்தது. செல்வின் அதை எடுத்தான். ஆனால் விசிஆரில் போடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தால் நாடாச் சுருளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. இதுதான் இன்னும் கம்ப்யூட்டரில் ஏறாத ஒரே கதை. உலகத்தில் வேறு யாரிடமும் இது இல்லை. ஒசாகாக்காரர் நேரில் வந்து சுத்தம் செய்யும் வரை ஓட்டவே கூடாது என்று ரசிகர் கூட்டம் முழுக்க அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தது.

“ஒரு தடவ தாங்கலாம் சேச்சி. தாங்காமயும் போலாம். அறுந்தா அறுந்ததுதான்.”

நாச்சியார் நெருக்கவில்லை. உன் கேசட், நீயே சொல் என்று விட்டுவிட்டாள். லிங்கத்துக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு ஆட்டுக்குட்டிக்காக ஒரு மனுஷியா என்று கேட்கத் துடித்தான். பையனின் கையைப் பார்த்தபோது அதுவும் அவ்வளவு லேசான கேள்வி இல்லை என்று தோன்றியது.

அப்போது போன் அடித்தது. செல்வின் எடுத்தான், நாச்சியார் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டாள். அந்தப் பக்கம் பிச்சைக்கனி, குரலில் தேன் ஒழுகியது. கை மறதியாகக் கேசட் பையில் வந்துவிட்டதாம், மன்னிக்கணுமாம், திருப்பிக் கொடுக்க வருகிறானாம். அதோடு மற்ற கேசட்டுகளையும் ஒரு தடவை பார்த்துவிட்டால் தேவலையாம். முதலாளியும் கூட இருக்கிறார், தம்பானூர் தாண்டிவிட்டோம், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவோம் என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஆக, போட்டுப் பார்த்துவிட்டார்கள். தவறான கேசட் என்று தெரிந்துவிட்டது.

செல்வின் ரிசீவரை வைத்தான். வேறு எதுவும் பேசாமல் கேசட்டின் மூடியைத் திறந்து நாடாவின் முகப்பை மெல்லிய துணியால் இரண்டு முறை துடைத்தான். விசிஆருக்குள் தள்ளினான். கம்ப்யூட்டரில் ரெக்கார்டு பொத்தானைத் தட்டினான். உள்ளே கரகரவென்று அரைபடும் சத்தம் கேட்டது. டிவியில் வெள்ளைக் கோடுகள் குதித்தன. அவற்றுக்கு நடுவிலிருந்து கலங்கரை விளக்கம் மெல்ல எழுந்து வந்தது.

அடியில் பட்டை இருந்தது. ஒரு ஜவுளிக்கடை நகர்ந்து போனது. ஒரு டியூஷன் சென்டர். ரப்பர் தை என்கிற நாற்று கிடைக்கும் இடம். மேலே மிக்கோ வைக்கோலைப் பரப்பினாள். ஆடு படுத்தும் எழுந்தும் அவஸ்தைப்பட்டது. சரோஜம் ஸ்டூலை விட்டு எழுந்து டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பட்டையில் மலையாள எழுத்துகள் வந்தன. ‘எங்கள் கேபிள் உரிமையாளர்’ என்று தொடங்கியதும் நாச்சியார் லிங்கத்தின் தோளை இறுக்கினாள். செல்வகணேஷ். அடுத்து சரோஜம். அடுத்து கல்யாணம், மண்டபம், மலையாள ஆவணியான சிங்கம் இருபத்திரண்டு, ஆண்டு. எழுத்துகள் டிவியின் இடது ஓரத்தில் போய் மறைந்தன. லிங்கத்துக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியவனுக்கு என்னவோ உறுத்தியது.

“தம்பி, டிவில ஆட்டுக்கு நாலு காலு. கம்ப்யூட்டர்ல ஒண்ணு கூட இல்லையே.”

செல்வின் பார்த்தான். மூன்று வருஷப் பழக்கம்; ரெக்கார்டு செய்யும்போதே அடிப்பக்கத்தை வெட்டும்படி கம்ப்யூட்டருக்கு உத்தரவு போட்டு வைத்திருந்தான். ஓடி மறைந்த கல்யாணத்தில் ஒரு எழுத்தும் உள்ளே ஏறவில்லை.

நிறுத்திப் பின்னால் ஓட்டச் சொன்னான் லிங்கம். நிறுத்தினால் பூஞ்சை ஒட்டிக்கொள்ளும், மறுபடி நகராது என்றான் செல்வின். டேப்பை ஓடவிட்டு, ரெக்கார்டை மட்டும் அணைத்தான். உத்தரவை மாற்ற விரல்கள் கீபோர்டில் தடுமாறின. திரையில் மணல் கடிகாரம் நின்றது. பழைய கம்ப்யூட்டர், ஒன்று கேட்டால் ஒன்பது தடவை யோசிக்கும். அதற்குள் பட்டையில் ரப்பர் தை மறுபடி வந்துவிட்டது.

“தமிழ்லயும் போட்டாரு,” என்றாள் சரோஜம், கண்ணை எடுக்காமல். “எங்க ஆளுங்க படிக்கணும்னு தமிழ்லயும் ஒருக்க போட்டாரு.”

கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மரப்படியில் கனத்த செருப்புச் சத்தம். நாச்சியார் கண்ணைக் காட்டினாள். லிங்கம் போய்க் கதவைப் பாதி திறந்து, மீதி இடத்தைத் தன் உடம்பால் அடைத்துக்கொண்டான். அவன் சாப்பாட்டுக்குச் செலவழித்த காசெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் பிரயோஜனப்பட்டது.

வாசலில் பிச்சைக்கனி. அவன் பின்னால் வெள்ளை வேட்டியும் தங்கக் கடிகாரமுமாக செல்வகணேஷ். வழியை விடு என்றான் பிச்சைக்கனி.

“செருப்பக் கழட்டிட்டு அமைதியா நில்லுங்க அண்ணாச்சி,” என்றான் லிங்கம். “உள்ள பிரசவம் நடக்கு.”

பிச்சைக்கனி ஒரு கணம் உண்மையாகவே தயங்கினான். பிறகு தோளால் முட்டினான். லிங்கத்தின் விலா கதவு நிலையில் இடித்தது, அவன் நகரவில்லை. முதுகுக்குப் பின்னால் கரகர சத்தம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. மணல் கடிகாரம் போய்விட்டது என்று செல்வின் கூவினான். பிறகு, ஏறுது, ஏறுது என்றான். லிங்கம் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தான். கம்ப்யூட்டரில் ஆடு நாலு காலோடு நின்றது. காலுக்குக் கீழே தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றாக வலப்பக்கத்திலிருந்து நடந்து வந்தன.

செல்வகணேஷும் லிங்கத்தின் தோளுக்கு மேலாக அதைப் பார்த்துவிட்டான். ‘எங்கள் கேபிள் உரிமையாளர் செல்வகணேஷ் – சரோஜம் திருமணம் இன்று. ஆவணி 22, 1995. மணமக்களை வாழ்த்த இரவு விருந்துக்கு அனைவரும் வருக.’

பிச்சைக்கனியின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தவன் செல்வகணேஷ்தான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் அதைப் பல மாதம் இழுத்திருக்கிறான். ஆனாலும் தன் எழுத்தைத் தானே படித்தபோது அவன் முகம் தொங்கிவிட்டது.

ஆட்டுக்குட்டி தள்ளாடி எழுந்து நின்றது. அந்த நொடியில் விசிஆருக்குள் ஏதோ சிக்கி, சடக்கென்று முறிந்தது. டிவி முழுக்க நீலமாயிற்று. செல்வின் மூடியைத் திறந்தான். நாடா இரண்டாக அறுந்து, நசுங்கிச் சுருண்டு கிடந்தது. கதையில் கடைசிச் சில நிமிஷங்கள் இனி யாருக்கும் கிடையாது. மணிலாவுக்கும் பிரேசிலுக்கும் அவன் என்ன பதில் சொல்லப் போகிறானோ. கம்ப்யூட்டரில் ஏறியதை ஒரு சி.டி.யில் எழுத ஆரம்பித்துவிட்டுத்தான் கண்ணைத் துடைத்தான்.

லிங்கம் வழியை விட்டான். இனி அடைத்து ஒன்றும் ஆவதற்கில்லை. செல்வகணேஷ் உள்ளே வந்தான். நாச்சியாரைப் பார்க்கவில்லை, செல்வினைப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்திருந்தவளுக்கு முன்னால் போய்க் குனிந்தான்.

“சரோ,” என்றான் மெதுவாக. “கேஸ வாபஸ் வாங்கிரு. வீட்டுக்கு வா. நீ என் பொண்டாட்டிதான், நான் எப்ப இல்லேன்னேன்?”

லிங்கத்துக்கு உயிரே போய்விட்டது. இந்த வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை நாள் தவம் கிடந்தாள். இதே மெதுவான குரலுக்குத்தான் அன்றைக்குத் தெருப் பெயரைச் சொன்னாள். நாச்சியார் அவள் முடிவுக்கே விட்டுவிட்டு ஒதுங்கி நின்றாள்.

சரோஜம் எழுந்தாள். புடவையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

“இதத்தான் நானும் கேக்கேன். ரெண்டு மணிக்கு ஜட்ஜு இருப்பாரு. அவரு முன்னால, இதே வார்த்தைய, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அதற்கு நிற்கவில்லை. செல்வின் நீட்டிய சி.டி.யை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். வழியில் நின்றவன் செல்வகணேஷ்தான். அவன் ஒதுங்கிக்கொண்டான்.